எண் ஒன்று, ஆள் இருவர்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையிலே பிரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவதும், அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படுவதும், வேலை செய்தோருக்குச் செக்ரோலில் பேர் விழுவதும் நெடுங்கால வழக்கம். செக்ரோல் என்பது தோட்டத்தின் ஆட்பதிவேடு. அதில் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் உண்டு. பெயரைக் காட்டிலும் எண்ணே கணக்கப்பிள்ளைக்கு வசதியானது. ஒரே தோட்டத்தில் மூன்று முத்தம்மாக்கள் இருக்கக்கூடும். ஆனால் ஒரே எண் உடையவர் இருவர் இருத்தல் இயலாது. ஆயினும் அவ்வெண்ணின் செல்வாக்கு தோட்டத்தின் எல்லை வரையிலேதான். ஓடையைக் கடந்து அடுத்த தோட்டத்துள் கால் வைத்தால், அதே எண் முன்பின் அறியாத வேறொருவரைக் குறிக்கும்.

ஒரு தோட்டத்தின் ஏட்டை மற்றொரு தோட்டத்தின் ஏட்டோடு எவ்வாறு இணைப்பது என்னும் வினா, மலைநாட்டிலே பழைமையான வினா. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டதற்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களின் காலத்திலேயே, அது எழுந்துவிட்டது. அதற்கு அக்காலத்தார் கண்ட விடைகளுள் ஒன்று ‘துண்டு’. ஓர் ஆள் தோட்டம் மாற விரும்பினால், அவர் பேரிலுள்ள கடன் இவ்வளவு, அது தீர்க்கப்பட்டால் ஆளை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அச்சீட்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் ஏற்றுக்கொள்ளாது. கடன் வளர்ந்துகொண்டே போனமையால், துண்டு என்பது வழிவிடும் சீட்டாக இராமல் வழிமறிக்கும் சீட்டாயிற்று. 1921இல் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. மற்றொரு விடை தகரச் சீட்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டவர்களுக்கு வட்டமான சிறு தகடு ஒன்று கொடுக்கப்பட்டது. அதிலே சேரவேண்டிய தோட்டத்தின் பதிவெண்ணும் ஆளின் தொடரெண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. இரண்டு எண்களும் சேர்ந்தமையால், எந்த ஆள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று.

இந்தப் பழங்கதைக்கும் இன்று நகரத்துக் காரியாலயங்களிலும் பாடசாலைகளிலும் மேசைமேல் இருக்கும் கணினிகளுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு மிக நெருக்கமானது. பல கணினிகளை ஒரு வலையமைப்பால் இணைத்து, ஒரு கணினியிலுள்ள பொதுச் செலுத்தியிலே அனைவரும் கோப்புகளை வைத்துக்கொள்ளும் முறை இன்று எங்கும் பரவியுள்ளது. விண்டோஸ், லினக்ஸ், மாக் என வெவ்வேறு பணிசெயல் முறைமைகள் அந்தச் செலுத்தியை அணுகும்போது, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்னும் வாசகம் அடிக்கடி திரையில் தோன்றுகிறது. நேற்று எழுதிய கோப்பு இன்று திறக்கவில்லை; ஒருவர் திறக்கும் கோப்பை மற்றவரால் திருத்த முடியவில்லை. இத்தொல்லையின் வேரைத் தேடிச் சென்றால், எண் ஒன்றாயிருக்க ஆள் இருவராயிருக்கும் அதே பழைய சிக்கலைக் காணலாம்.

கணினி தோன்றிய முதற் காலத்திலே அனுமதி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. பெருந்தொகை செலவிட்டு அமைத்த ஒரு பொறியை ஒரு வேளையில் ஒருவரே பயன்படுத்தினார். அவர் எழுந்து சென்றபின் அடுத்தவர் அமர்ந்தார். 1961இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பத்தோ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்துகொள்ளும் முறைமை ஒன்றை இயக்கிக் காட்டினர். பலர் கூடும் இடத்திலே ஒருவருடைய ஏட்டை மற்றவர் புரட்டாதிருக்க ஒரு தடை வேண்டும் அன்றோ? அதன்பொருட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது.

அத்தடையும் நெடுநாள் உறுதியாக நிற்கவில்லை. 1966இல் ஒரு நாள், அம்முறைமையில் நுழைந்த ஒவ்வொருவருக்கும், அன்றைய நாளுக்குரிய வரவேற்பு வாசகத்துக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலே முன்னால் வந்து நின்றது. நிருவாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தியபோது, இடைக்காலப் பிரதிகள் இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்து ஒன்றுக்கொன்று இடம்மாறியதே அதற்குக் காரணம். இரண்டு பொருளுக்கு ஒரு பெயர் என்னும் தவறு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது முதற் பாடம் எனலாம்.

அதன் வழிவந்த மல்டிக்ஸ் என்னும் முறைமை, ஒவ்வொரு கோப்புடனும் ஒரு பட்டியலை இணைத்தது. இன்னார் வாசிக்கலாம், இன்னார் எழுதலாம் என்று பெயர் பெயராகக் குறிக்கும் பட்டியல் அது. முறை சிறந்தது, ஆயின் முறைமை மிகப் பெரிது, பாரமும் மிகுதி. 1969இல் பெல் ஆய்வுகூடம் அம்முயற்சியிலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் சிறிய பொறியொன்றிலே எளிய முறைமை ஒன்றை அமைக்கத் தலைப்பட்டனர். அதுவே யுனிக்ஸ். இன்றைய லினக்ஸ் முறைமை அதன் வடிவைப் பின்பற்றி எழுந்தது. மாக் கணினியின் முறைமை அதன் மரபிலேயே வந்தது.

யுனிக்ஸ் முறையில் அனுமதி மிகச் சுருக்கமானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, ஏனையோர் அனைவரும் மூன்றாம் பிரிவினர். 1971இல் வெளியான முதற் பதிப்பில் உரிமையாளர், பிறர் என்னும் இரு பிரிவுகளே இருந்தன. குழு என்பது பின்னர்ச் சேர்ந்தது. வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்பன மூன்று உரிமைகள். மூன்று பிரிவினருக்கு மூன்று உரிமைகள் என ஒன்பது குறிகளில் எல்லாம் அடங்கிவிடும். தோட்டத்து வழக்கில் சொல்வதாயின், தனக்கு இவ்வளவு, தன் கங்காணியின் கூட்டத்தாருக்கு இவ்வளவு, ஊராருக்கு இவ்வளவு என்று வகுத்ததற்கு ஒப்பாகும். கோப்புகளை உள்ளடக்கிய கோப்புறைக்கும் இதே ஒன்பது குறிகள் உண்டு. ஆங்கே இயக்குதல் என்பது அதன் வழியே கடந்து செல்லும் உரிமையைக் குறிக்கும். உள்ளறைக் கதவு திறந்திருந்தும் முன்வாயில் அடைத்திருந்தால் பயனில்லை. மேலேயுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் கடக்கும் உரிமை இருந்தாலன்றிக் கீழேயுள்ள கோப்பை எட்ட இயலாது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. உரிமையாளரின் பெயரைத் திரை காட்டினாலும், பொறி உள்ளே எழுதி வைத்திருப்பது எண்ணையே. செக்ரோலைப் போலவே பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு அக்கணினியின் ஏட்டிலே மட்டும் இருக்கிறது. ஒரு கணினி தனித்திருந்த காலத்தில் இதனால் எக்குறையும் நேரவில்லை.

1981இல் தனியாள் கணினி பரவத் தொடங்கியபோது, அதனுடன் வந்த டொஸ் என்னும் முறைமையில் உரிமையாளர் என்ற கருத்தே இல்லை. ஒரு கோப்பைத் திருத்தலாகாது என்று குறிக்கலாம், மறைத்து வைக்கலாம், அவ்வளவே. எவர் திறந்தாலும் கோப்பு திறக்கும். ஒருவர் மட்டும் வாழும் வீட்டில் அறைதோறும் பூட்டு எதற்கு என்று அதை ஆக்கியோர் எண்ணியிருத்தல் கூடும். பூட்டற்ற அவ்வீடும், எண்வழிக் காவல் கொண்ட யுனிக்ஸ் வீடும் ஒரே தெருவில் இணைக்கப்பட்டபோதே தொல்லை தொடங்கியது.

அவ்விணைப்பு 1980களில் இரு வேறு வழிகளில் நிகழ்ந்தது. யுனிக்ஸ் உலகிலே 1984ஆம் ஆண்டளவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வலையமைப்புக் கோப்பு முறை ஒன்றை உருவாக்கியது. தொலைவிலுள்ள கணினியின் கோப்புகளும் தன் கணினியிலேயே உள்ளவை போலத் தோன்றும். தனியாள் கணினிகளின் உலகிலே, ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரி பைகன்பாம் என்பவர் வேறொரு நெறிமுறையை வகுத்தார். எஸ்.எம்.பி. எனப்படும் அதை மைக்ரோசொப்ட் நிறுவனம் பின்னர் வளர்த்தெடுத்தது.

சன் நிறுவனத்தின் முறையிலே தொடக்கத்தில் ஒரு பெருநம்பிக்கை ஊன்றியிருந்தது. வேண்டுகோள் விடுக்கும் கணினி, ‘கேட்பவரின் எண் இது’ என்று சொல்லும். கோப்பை வைத்திருக்கும் சேவையகக் கணினி அதை அப்படியே நம்பும். எல்லாக் கணினிகளிலும் ஒருவருக்கு ஒரே எண் இருந்தால் இது செம்மையாக நடக்கும். அவ்வாறில்லையெனின் விபரீதம் விளையும். மாக் கணினியில் முதலாவதாகப் பதிவாகும் பயனருக்கு வழக்கமாக 501 என்னும் எண் அமையும். இன்றைய லினக்ஸ் முறைமைகள் பலவற்றில் முதற் பயனரின் எண் 1000. ஒரே ஆசிரியை இரண்டு கணினிகளிலும் ஒரே பெயருடன் பதிவு செய்திருந்தாலும், மாக்கிலிருந்து எழுதிய கோப்பு 501க்கு உரியது; லினக்ஸில் அமர்ந்து அதைத் திறக்கும்போது அவர் 1000. தாம் எழுதியதையே தாம் திருத்த இயலாத நிலை இவ்வாறு பிறக்கிறது. இதன் மறுபக்கம் இன்னும் கேடானது. இரண்டு கணினிகளில் இருவேறு மனிதருக்கு 1000 என்னும் எண் அமைந்திருந்தால், ஒருவருடைய அந்தரங்கக் கோப்பு மற்றவருக்குத் தடையின்றித் திறக்கும். முதல் நிலையிலே திரை மறுப்பை அறிவிக்கிறது; இரண்டாம் நிலையிலே திரை எதையும் அறிவிப்பதில்லை.

அனைத்தையும் ஆளும் நிருவாகிக்கு யுனிக்ஸில் சுழியம் என்னும் எண் உண்டு. எவரோ தம் சொந்தக் கணினியில் நிருவாகியாக அமர்ந்துகொண்டு, ‘நானே சுழியம்’ என்று தொலைவிலிருந்து கூறினால் சேவையகம் பணிந்துவிடலாகாது. ஆதலின் அவ்வாறு வருபவரை ‘எவருமல்லாதவர்’ என்னும் கடைநிலைப் பயனராக மாற்றிவிடும் காப்பு ஏற்படுத்தப்பட்டது. ஒரு தோட்டத்துத் துரை அடுத்த தோட்டத்திலே துரையாக மாட்டார் என்பது போன்றதே அது. ‘நிருவாகியாக இருந்தும் அனுமதி கிட்டவில்லையே’ என்று திகைப்போர் பலருக்கு விடை இதுவாகும்.

1993இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. என்னும் புதிய முறைமையை வெளியிட்டது. அதன் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் டேவ் கட்லர். யுனிக்ஸின் ஒன்பது குறிகளுக்குப் பதிலாக, மல்டிக்ஸில் இருந்தது போன்ற அனுமதிப் பட்டியலை ஒவ்வொரு கோப்புக்கும் அது அமைத்தது. இன்னாருக்கு உண்டு என்று மட்டுமன்றி, இன்னாருக்கு இல்லை என்றும் பட்டியலில் எழுதலாம். பயனரின் அடையாளமும் தனி எண்ணாக அமையவில்லை. எந்தக் கணினியில் அல்லது எந்த ஆட்சிப் பரப்பில் பதிவானவர் என்பதைக் காட்டும் நீண்ட எண்ணும், அதன் முடிவிலே அவருக்குரிய தொடரெண்ணும் சேர்ந்து ஒரே அடையாளமாயின. தகரச் சீட்டிலே தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் சேர்ந்து நின்ற அமைப்பு இதுவேயாகும். இரண்டு இடங்களில் ஒரே தொடரெண் அமைந்தாலும், முற்பகுதி வேறாதலின் ஆள் மயக்கம் நேராது.

இப்போது இரண்டு உலகங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்றில் சிறிய எண்ணும் ஒன்பது குறிகளும்; மற்றதில் நீண்ட அடையாளமும் பட்டியலும். ஒன்றின் சொல் மற்றதற்கு விளங்காது. நடுவே நின்று மொழிபெயர்க்கும் பணியை மேற்கொண்டவர் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ரூ டிரிஜெல். டொஸ் கணினியொன்றை யுனிக்ஸ் சேவையகத்துடன் இணைக்க விரும்பிய அவர், கணினிகள் தம்முள் பரிமாறும் செய்திகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் இலக்கணத்தைத் தாமே ஊகித்து, 1992இன் தொடக்கத்தில் ஒரு செய்நிரலை வெளியிட்டார். பின்னர் அது சம்பா எனப் பெயர் பெற்றது. எஸ், எம், பி என்னும் எழுத்துகள் அவ்வரிசையில் அமைந்த சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர் அது. நம் நெல்லினத்தின் பெயரை ஒத்திருப்பது தற்செயலே.

சம்பா யாவர்க்கும் இலவசமாக வழங்கப்பட்டது, உலகெங்கும் பரவியது. விண்டோஸ் பயனரின் நீண்ட அடையாளத்தைப் பெற்று, அதற்கு இணையான யுனிக்ஸ் எண்ணைத் தன் ஏட்டில் தேடி, இருபுறமும் பொருந்தச் செய்வது அதன் முதன்மைத் தொழில். ஆயின் ஊகித்தறிந்த இலக்கணத்திலே குறைகள் நேர்வது இயல்பு. நெறிமுறையின் முழு விவரத்தையும் மைக்ரோசொப்ட் வெளியிடாது வைத்திருந்தது. வழங்கத் தவறியது குற்றம் என்று 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழு தீர்ப்பளித்தது. 2007 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தீர்ப்பின் முக்கிய பகுதிகளை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு டிசெம்பரில் 10,000 யூரோ கட்டணத்துடன் அவ்விவரங்கள் சம்பா குழுவினரை அடைய வழி பிறந்தது. இரு முறைமைகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கு நீதிமன்றம் வரையிற் செல்லவேண்டியிருந்தது என்பது இவ்வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.

மறுபுறத்திலே யுனிக்ஸ் உலகமும் தன் குறையை உணர்ந்தது. சன் நிறுவனம் தொடங்கிய நெறிமுறையின் 4ஆம் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வரையப்பட்டது. அதிலே வெறும் எண்ணுக்குப் பதிலாகப் பயனரின் பெயரும் அவர் சார்ந்த ஆட்சிப் பரப்பின் பெயரும் சேர்ந்து அனுப்பப்பட்டன; விண்டோஸ் பட்டியலை ஒத்த அனுமதிப் பட்டியலும் இடம்பெற்றது. கேட்பவர் சொல்வதை அப்படியே நம்பாது, மெய்யாகவே அவர் யார் என்று சோதிக்கும் கெர்பரோஸ் என்னும் முறை 1980களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகியிருந்தது. பின்னாளில் இரு உலகங்களும் அதை ஏற்றுக்கொண்டன. அம்முறையிலே கணினிகளின் கடிகாரங்கள் ஒத்திருத்தல் வேண்டும். வழக்கமான அளவு 5 நிமிடம். அதற்குமேல் வேறுபட்டால் சரியான கடவுச்சொல்லும் செல்லாது. பிரட்டுக்குப் பிந்தி வந்தவரின் பேர் விழாதது போல, கடிகாரம் பிந்திய கணினிக்கும் வாயில் அடைபடும்.

வரலாறு இவ்வாறிருக்க, நடைமுறையிலே சிக்கலை அவிழ்ப்பது எவ்வாறு? ஹட்டன் நகரை அண்டிய தோட்டப்புறப் பாடசாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். காரியாலயத்தில் ஒரு விண்டோஸ் கணினி. ஆய்வுகூடத்தில் லினக்ஸ் சேவையகம். பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய மாக் கணினி ஒன்று. மாணவர் விடுகைப் பத்திரங்களும் புள்ளிப் பதிவுகளும் சேவையகத்தின் பொதுச் செலுத்தியில் உள்ளன. வேறு பாடசாலைக்கு மாறிச் செல்லும் பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் வேண்டும். எழுதுவினைஞர் கோப்பைத் திறக்க முயல்கிறார், அனுமதி மறுக்கப்படுகிறது.

முதலில் அறியவேண்டியது, சேவையகத்தின் கண்ணுக்கு அந்த எழுதுவினைஞர் யாராகத் தோன்றுகிறார் என்பதே. தம் மேசையில் எந்தப் பெயரில் அமர்ந்திருக்கிறார் என்பது இரண்டாம் பட்சம். விண்டோஸ் கணினி பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்திருந்து, அதையே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருத்தல் கூடும். முன்பு வேறொருவர் பெயரில் ஏற்படுத்திய தொடர்பு இன்னும் அறுபடாதிருத்தலும் கூடும். பழைய பதிவை நீக்கி, உரிய பெயரில் மீண்டும் நுழைந்தாலே பல சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

அடுத்து, வாயில்கள் இரண்டு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வலையமைப்பிலே பகிர்வுக்கென்று அமைத்த அனுமதி வெளிவாயில். கோப்பிலேயே எழுதப்பட்ட அனுமதி உள்வாயில். இரண்டும் இசைந்தாலன்றி வழியில்லை. எது கடுமையானதோ அதுவே வெல்லும். வெளிவாயிலில் வாசிக்க மட்டும் இடமளித்துவிட்டு, உள்வாயிலில் எவ்வளவு தாராளம் காட்டினாலும் எழுத முடியாது. உள்வாயிலைச் சோதிக்கும்போது, மேலேயுள்ள கோப்புறைகள் ஒவ்வொன்றிலும் கடக்கும் உரிமை உண்டா என்றும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, புதிதாகப் பிறக்கும் கோப்பு யாரைச் சேர்கிறது என்பது. லினக்ஸில் ஒருவர் எழுதும் புதுக் கோப்பு வழக்கமாக அவருடைய சொந்தக் குழுவையே சேரும். ஆதலின் சக ஆசிரியரால் திருத்த இயலாது. பொதுக் கோப்புறையின் குழுவே புதுக் கோப்புக்கும் வருமாறு கோப்புறையில் ஒரு குறி இடலாம். சம்பாவிலும் அவ்வாறு கட்டளையிடலாம். விண்டோஸில் வேறொரு நுட்பம் உண்டு. ஒரு கோப்பைப் பிரதி செய்து புதிய கோப்புறையில் வைத்தால் அது அங்குள்ள அனுமதியைப் பெறும். ஒரே செலுத்திக்குள் இடம் மாற்றினால் மட்டும், பழைய இடத்து அனுமதியையே சுமந்து வரும். ஒரே கோப்புறையிலுள்ள இரண்டு கோப்புகளுள் ஒன்று திறந்து மற்றது திறவாதிருப்பதற்கு இது பெரும்பாலும் காரணமாகும்.

நான்காவது, கணினிகள் பேசும் மொழியின் காலம். எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதற் பதிப்பிலே பெரும் ஓட்டை இருந்தமை 2017 மே மாதத்தில் உலகறிந்தது. வனாகிரை என்னும் தீநிரல் அதன் வழியே புகுந்து, பிரித்தானிய மருத்துவமனைகள் முதலாகப் பல நாட்டு நிலையங்களின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்குரிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தும் பலர் அதை இட்டுக்கொள்ளவில்லை. அவ்வாண்டு முதல் புதிய விண்டோஸ் பதிப்புகள் அந்தப் பழைய மொழியை இயல்பாக ஏற்பதில்லை. கடவுச்சொல் இன்றி விருந்தினராக நுழைவதையும் பல பதிப்புகள் மறுக்கின்றன. பழைய சேமிப்புப் பெட்டி ஒன்று திடீரென்று எட்டாது போனால், பூட்டு பழுதென்று எண்ணாமல் மொழி பழையதா என்று ஆராய்தல் வேண்டும்.

இவ்வளவு ஆராய்வதற்குப் பொறுமையற்றோர் கைக்கொள்ளும் குறுக்குவழி ஒன்றுண்டு. அனைவருக்கும் அனைத்து உரிமையும் அளித்து, ஒன்பது குறிகளையும் திறந்துவிடுவதே அது. மறுப்பு உடனே மறைந்துவிடும். எழுதுவினைஞருக்குக் கோப்பும் திறக்கும். ஆனால் ஆய்வுகூடத்தில் விளையாட்டாகக் கைவைக்கும் மாணவனுக்கும் அதே கோப்பு திறக்கும். புள்ளிகள் மாறலாம், பதிவு அழியலாம், யார் செய்தது என்றும் தெரியாது. கதவு இறுகிக்கொண்டது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பார் உண்டோ?

மற்றொரு தவறு, உரிமையைத் தனியாள் பெயரில் எழுதி வைப்பது. ஆசிரியர் இடம்மாறிச் செல்கிறார். அவருடைய பதிவு நீக்கப்படுகிறது. அவர் விட்டுச்சென்ற கோப்புகளின் உரிமையாளர் இடத்தில், லினக்ஸில் வெறும் எண் மட்டும் நிற்கும். விண்டோஸில் ‘அறியப்படாத கணக்கு’ என்று நிற்கும். சில காலத்தின் பின் அதே எண் புதியவர் ஒருவருக்கு வழங்கப்பட்டால், முன்னவரின் கோப்புகள் அனைத்தும் எவரும் அறியாமலே புதியவருக்கு உரியனவாகிவிடும். ஆதலின் அதிபர், எழுதுவினைஞர், வகுப்பாசிரியர் எனப் பணிக்கேற்ற குழுக்களை அமைத்து, உரிமையைக் குழுவின் பெயரில் எழுதுவதே முறை. ஆள் வருவார், போவார், பணி நிலைக்கும். விட்டுப்போன எண்ணை மீண்டும் எவருக்கும் வழங்காதிருப்பதும் நன்று.

மலைநாட்டாருக்கு இவ்விடயம் வெறும் கணினி நுட்பம் அன்று. ஒருவர் யார் என்பதை ஏடு சொல்லவேண்டும் என்னும் நிலையினால் இம்மக்கள் அடைந்த இன்னல் சிறிதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ், பிறப்பையும் முன்னோரின் பிறப்பையும் பத்திரத்தால் நிறுவ இயலாதவர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் சட்டம் தொடர்ச்சியான வதிவிடத்துக்குச் சான்று கேட்டது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்த் தீர்மானிப்பதென ஒத்திவைத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோருக்குக் குடியுரிமை வழி திறந்தது. இக்காலம் முழுவதிலும் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் மற்றொரு பெயர், பாடசாலை இடாப்பில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்னும் முரண்பாடு எத்தனையோ குடும்பங்களை அலைக்கழித்தது. ஆள் ஒருவர், ஏட்டிலே இருவர், மூவர்.

அந்த ஏடுகள் இன்று ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏறிவருகின்றன. பாடசாலை இடாப்பும், மருந்தகக் குறிப்பும், சேமலாப நிதிக் கணக்கும் நாளை பொதுச் செலுத்திகளிலேயே இருக்கும். அங்கே எண்ணும் பெயரும் பொருந்தாதிருந்தால், மறுப்பு திரையில் ஒரு வரியாகத் தோன்றினாலும், அதன் பாரம் படிவத்தோடு வரிசையில் நிற்பவர் தலையிலேயே விழும். எழுதுவினைஞர் வெளியே வந்து, ‘கோப்பு திறக்கவில்லை, நாளை வாருங்கள்’ என்று சொல்வார். அந்த ‘நாளை’க்காகக் கொழுந்து பறிக்கும் ஒருத்தி ஒரு நாட் பேரை இழந்து, மீண்டும் பஸ் ஏறி வரவேண்டும்.

ஆதலின் பாடசாலையிலோ சங்கத்திலோ காரியாலயத்திலோ பொதுச் செலுத்தி அமைப்போர், முதல் நாளிலேயே ஒரு தாளில் மூன்றைக் குறித்து வைத்தல் நலம்: எந்த ஆளுக்கு எந்தக் கணினியில் எந்தப் பெயர், எந்த எண், எந்தப் பணிக்கு எந்தக் குழு, எந்தக் குழுவுக்கு எந்தக் கோப்புறையில் என்ன உரிமை. எண்ணை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக அமைக்கலாம். அன்றேல் பெயரைக் கொண்டு பொருத்தும் முறையை ஏற்படுத்தலாம். ஆள் மாறும்போது அத்தாளும் திருத்தப்படுதல் வேண்டும். அரை நாளில் முடியும் வேலை இது. அந்த அரை நாளைச் செலவிட்ட பாடசாலையிலே, விடுகைப் பத்திரத்துக்கு வந்த தாய் அன்றைக்கே அதைக் கையிற் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவாள்.